கிழமை தொலைந்தால் மளிகையும் தொலையும்: வீட்டோடு இருப்பவர்களுக்கான பழுது நீக்கும் குறிப்புகள்

2020 மார்ச் கடைசியில் ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நங்கநல்லூர் வீட்டுக்கு வந்தேன், இன்னும் திரும்பிப் போகவில்லை. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். இத்தனை வருடத்தில் ஒரே பழுது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கிறது: முதலில் கிழமை குழம்பும், அடுத்த வாரம் காய் அழுகும், அதற்கு அடுத்த வாரம் பாதித் தாளிப்பில் கடுகு இருக்காது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தனித்தனியாகச் சரிசெய்து பார்த்துச் சலித்த பிறகுதான் புரிந்தது, சமையலறையில் தெரிகிற கோளாறில் பாதிக்கு மேல் காலண்டரில் ஆரம்பிக்கிறது.

உங்களுக்கு என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில். வேண்டிய சாமான்கள்: தினசரி கிழிக்கிற காலண்டர் ஒன்று, காகித டேப் ஒரு சுருள், அழியாத பேனா ஒன்று. அவ்வளவுதான்.

அறிகுறி 1: இன்று என்ன கிழமை என்று தெரியவில்லை

போனைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை போனைப் பார்க்கிற நானே, வியாழக்கிழமை என்று நினைத்துக்கொண்டு வெள்ளி சாயங்காலம் வரை ஓட்டியிருக்கிறேன். கண் பார்க்கிறது, மனசு வாங்கிக்கொள்வதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது: காலண்டர் தாளை யார் கிழிக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் அப்பா. காலை ஐந்தரைக்குப் பல் தேய்த்த கையோடு கிழித்துவிடுவார். ஒரு தடவை அவர் திருச்சியில் அக்கா வீட்டுக்கு மூன்று வாரம் போயிருந்தார். பதினோராம் நாள்தான் கவனித்தேன், சுவரில் இன்னும் அதே செவ்வாய்க்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் காய் வாங்கிய கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும், மூன்று தடவை முருங்கைக்காய். கிழிக்கிற வேலையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். "யாராவது கிழிப்பாங்க" என்றால் யாரும் கிழிக்க மாட்டார்கள், அல்லது இரண்டு பேரும் கிழித்து நாளை இன்றைக்கே வந்துவிடும். பசை ஒட்டி இரண்டு தாள் சேர்ந்து வருவதும் உண்டு, அதனால் ஒட்டுத்தாள் மேல் சந்தேகம் வந்தால் போனோடு ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

தாள் சரியாக இருக்கிறது, ஆனாலும் மனசில் நிற்கவில்லை என்றால்:

நாளுக்கு நாள் வித்தியாசமே இல்லாமல் வாழ்கிறீர்கள் என்று அர்த்தம். ஆபீஸ் போகிற காலத்தில் திங்கள்கிழமையின் ரயில் கூட்டமும் வெள்ளிக்கிழமையின் சாயங்காலமும் கிழமையைச் சொல்லிக் கொடுத்தன. வீட்டில் அதைச் சமையலறைதான் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்கிற ஏற்பாடு இட்லி மாவு. சனி சாயங்காலம் அரைக்கிறோம். ஞாயிறும் திங்களும் இட்லி, செவ்வாய் தோசை, புதன் வெங்காயம் தூவி ஊத்தப்பம், வியாழன் மிச்ச மாவு எவ்வளவு புளித்திருந்தாலும் பணியாரம், அதோடு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். வெள்ளி உப்புமா அல்லது பொங்கல், சனி பூரி. காலையில் ஊத்தப்பம் தின்றால் அன்று புதன், சந்தேகமே வேண்டாம். மாவு புளிப்பதை யாராலும் நிறுத்தி வைக்க முடியாது, அதனால் இந்தக் கடிகாரம் நிற்பதும் இல்லை. மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும், வாங்குகிற நாளை மட்டும் மாற்றாதீர்கள்.

அதற்கும் அசையாத கேஸ்களுக்கு வெளி அடையாளங்கள்:

பெரியவர்கள் இருக்கிற வீடாக இருந்தால் ராகு காலமே போதும். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வாக்கியத்தைப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்ற வரிசையில் காலை ஏழரை தொடங்கி ஒன்றரை மணி ஒன்றரை மணியாக நகரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அப்பாவுக்கு இருக்கிறது. மருந்துக் கடைக்குக் கிளம்பச் சொன்னால் "ஒன்றரை ஆகட்டும்டா" என்றாரா, அன்று புதன். மூன்று மணிக்கு மேல் தயங்கினாரா, செவ்வாய். வாசலில் மல்லிகைப் பூ விலை திடீரென்று ஏறினால் வெள்ளி. கறிக்கடையில் காலை ஆறரைக்கே வரிசை நின்றால் ஞாயிறு. எதிர்வீட்டு அக்கா காக்காய்க்குச் சாதம் வைத்துவிட்டுக் காத்திருந்தால் அமாவாசையாக இருக்கலாம், அது தேதி தெரிய உதவும், கிழமைக்கு உதவாது.

2020 ஏப்ரலில் ஊரே சேர்ந்து கிழமையைத் தொலைத்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஏப்ரல் 5 முதல் மளிகைக் கடைகள் மதியம் 1 மணி வரைதான். பத்து மணிக்கு எழுந்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்து, போய் நிற்கும்போது ஷட்டர் இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. 25ஆம் தேதி சனிக்கிழமை கடைகளில் இருந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் அன்று வெள்ளிக்கிழமை என்று நினைத்துக்கொண்டு "நாளைக்குப் போகலாம்" என்று உட்கார்ந்திருந்தேன். நான்கு நாள் பருப்புப் பொடியும் அப்பளமும். மே 5 அன்று கோயம்பேடு சந்தையை மூடி மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனபோதுதான் வீட்டில் எத்தனை நாளைக்குக் காய் இருக்கிறது என்று முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் தளர்வில்லாத ஊரடங்கு இருந்தது, அந்த ரெண்டு மாதமும் ஞாயிறு மட்டும் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது என்பது வேறு கதை.

இது எதுவும் உதவாமல் கிழமை மட்டுமல்ல, மாதமே தப்பாக வருகிறதென்றால் நேராகக் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: பாதிச் சமையலில் ஒரு பொருள் இல்லை

எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகு டப்பாவைத் திறந்தால் நான்கு கடுகு. இது யாருக்கும் நடக்கலாம், மாதம் ஒரு தடவை என்றால் விட்டுவிடுங்கள். வாரம் ஒரு தடவை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

தீர்ந்ததும் எழுதுகிறீர்களா, தீர்வதற்கு முன்பா?

பெரும்பாலும் காரணம் இதுதான். டப்பா காலியான பிறகு எழுதினால் அது லிஸ்ட் இல்லை, புகார். இதற்கு ஒரு வழி ஏற்கெனவே வீட்டிலேயே இருக்கிறது, அஞ்சறைப் பெட்டி. கடுகு, சீரகம், உளுந்து எல்லாம் பாக்கெட்டிலிருந்து அதில் நிரப்புகிறோம் இல்லையா? பாக்கெட் காலியாகிற நொடியில் லிஸ்டில் எழுதிவிடுங்கள், அப்போது அஞ்சறைப் பெட்டி நிறைந்திருக்கும், எங்கள் வீட்டுக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். பருப்பு, எண்ணெய், சர்க்கரைக்கும் அதே மாதிரி ஒரு சின்ன டப்பா, ஒரு பெரிய டப்பா. பெரியது காலியானால் எழுது, சின்னது காலியாவதற்குள் வாங்கு. லிஸ்டைப் போனில் வைத்திருப்பதைவிட ஃபிரிஜ் கதவில் ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுவது மேல். கையில் மாவு இருக்கும்போது யாரும் போனைத் திறக்கப் போவதில்லை.

எழுதியும் தீர்ந்து போகிறதா?

அப்போது எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கு தப்பு. காகித டேப்பில் திறந்த தேதியை எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். இரண்டு சுற்று ஓடினால் போதும், தெரிந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு இருபது நாள், ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஐந்து வாரம். உங்கள் கணக்கு வேறாக இருக்கும், என்னுடையதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"நிறைய இருக்கு" என்று யாராவது சொன்னார்களா?

சிரிக்காதீர்கள், இது நிஜமான பழுது. அரிசி, உப்பு, மஞ்சளை "இல்லை" என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவை தீர்ந்தால் "நிறைஞ்சிருக்கு" என்பார்கள். அப்பா ஒரு நாள் "அரிசி நிறைஞ்சிருக்குடா" என்றார், நான் சரி என்று ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் இரண்டு பேரும் ரவை கிச்சடி. இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: நிறைஞ்சிருக்கு என்றால் வாங்கணும், இருக்கு என்றால் இருக்கு.

அறிகுறி 3: இருப்பதையே மறுபடி மறுபடி வாங்குகிறேன்

போன மாசம் எங்கள் வீட்டில் மூன்று பாக்கெட் வெந்தயம் இருந்தது. வெந்தயம் மூன்று பாக்கெட்டை ஒரு குடும்பம் எத்தனை வருடம் சாப்பிடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டப்பாவுக்குள் என்ன என்று வெளியே தெரிகிறதா? எவர்சில்வர் டப்பா பார்க்க அழகு, உள்ளே இருப்பதைக் காட்டாது. எல்லாவற்றையும் கண்ணாடிக்கு மாற்றச் செலவு ஆகும், டேப்பில் பேர் எழுதி ஒட்ட ஆகாது. அடுத்தது, ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருக்கிறதா? பிரித்த பாக்கெட் அலமாரியில், பிரிக்காதது லாஃப்டில் என்றால் லாஃப்டில் இருப்பது உங்கள் வீட்டில் இல்லாத மாதிரிதான். ஒரு பொருளுக்கு ஓர் இடம். புதுசு பின்னால், பழசு முன்னால்.

இதற்கும் மேல் சந்தேகம் வந்தால் அண்ணாச்சியைக் கேளுங்கள். தெருமுனைக் கடையில் கணக்கு வைத்து வாங்குகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஒரு தடவை இரண்டு கிலோ உளுந்து அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் போட்டேன். அவரே கூப்பிட்டார். "தம்பி, போன வாரம்தானே ரெண்டு கிலோ போட்டேன், வீட்ல விசேஷமா?" போய்ப் பார்த்தால் பிரிக்காமலே இருந்தது. "இல்லண்ணாச்சி, மறந்துட்டேன்" என்றேன். "புதன்கிழமை சாயங்காலம் அப்பாதான் வாங்கிட்டுப் போனாரு" என்றார். என் வீட்டுக் கிழமை அவர் நோட்டில் பத்திரமாக இருந்தது.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கிற செயலிகள் இப்படிக் கேட்காது. தீர்ந்ததா என்று எழுந்து பார்ப்பதைவிட அமுக்குவது சுலபம் என்று ஆனதும் அலமாரி நிரம்புகிறது, சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்குவதில் கிலோ விலையும் ஏறுகிறது. நான் அவற்றை விட்டுவிடவில்லை, அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அமுக்கும் முன் எழுந்து டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. பாதித் தடவை பொருள் இருக்கும்.

அறிகுறி 4: காய்கறி அழுகுகிறது

வாங்கியது சனி, சமைத்தது எந்த வரிசையில்?

கீரையை ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு உருளைக்கிழங்கைச் சமைத்தால் தப்பு காயின் மேல் இல்லை. கீரை அன்றைக்கு அல்லது மறுநாள். வெண்டை, கத்தரி, அவரை, பீன்ஸ் அடுத்த மூன்று நான்கு நாளில். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் வாரக் கடைசிக்கு. சேனை, வெட்டாத பூசணி, உருளை, சின்ன வெங்காயம் எல்லாம் கையிருப்பு, எதுவும் இல்லாத நாளுக்கு. கிழமை தெரியாதவன் கண்ணில் முதலில் படுவதை எடுப்பான், உருளைதான் முதலில் படும். நான் கண்ட வழி, முதலில் அழுகக்கூடியதை ஃபிரிஜ்ஜின் நடுத்தட்டில் கண்ணுக்கு நேராக வைப்பது. காய்கறி டிரேக்குள் போனது மறதிக்குள் போனது.

வரிசை சரி, ஆனாலும் அழுகுகிறதா?

வைக்கிற விதத்தைப் பாருங்கள். கழுவி ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு வைத்தால் இரண்டு நாளில் கொழகொழ. கொத்தமல்லியின் வேரை வெட்டிவிட்டுச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், தாள் ஈரமானால் மாற்றுங்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். உருளை ஃபிரிஜ்ஜுக்குள் போனால் இனிப்புத் தட்டும், வறுத்தால் சீக்கிரம் கருகும், அதற்கு இருட்டான, காற்றோட்டமான மூலை போதும். முளைவிட்டுப் பச்சை ஏறிய உருளையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சிக்கனம் அங்கே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எல்லாமே கெடுகிறது, பால்கூட என்றால்:

ஃபிரிஜ்ஜைச் சந்தேகப்படலாம். உள்ளே காற்று போக இடமில்லாமல் அடைத்திருக்கிறீர்களா பாருங்கள் (மூன்று வெந்தயப் பாக்கெட்!). அடுத்தது கதவு ரப்பர்: பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் கொண்டு துடைத்தாலே பாதி நேரம் சரியாகும், இல்லையென்றால் ரப்பர் மாற்ற வேண்டும். பின்பக்கத்துக் கம்பிச்சுருளில் தூசு படிந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள். ஃப்ரீசரில் ஐஸ் இருக்கிறது, கீழே மட்டும் குளிரவில்லை, அல்லது மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் இதற்கு மேல் நீங்கள் கை வைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதற்குள் பாலைப் பக்கத்து வீட்டு ஃபிரிஜ்ஜுக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 5: பால் திரிகிறது, தயிர் புளிக்கிறது

பாக்கெட் வாசல் பையில் எத்தனை மணி வரை தொங்குகிறது? ஐந்தரைக்கு வந்த பாலை ஒன்பது மணிக்கு எழுந்து எடுக்கிறவர்கள், மே மாசத்தில் அது திரிந்தால் பால்காரரைத் திட்டக் கூடாது. சீக்கிரம் எழ முடியாதென்றால் போட வரும் தம்பியிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வைத்துவிட்டதாகச் சொல்லுங்கள். அடுத்தது, பாக்கெட்டில் அச்சிட்ட தேதி. தினம் இரண்டு பாக்கெட் வருகிறது, ஒன்றரைதான் செலவாகிறது என்றால் நான்கு நாளில் இரண்டு பாக்கெட் சேர்ந்திருக்கும், எது எந்த நாளினது என்று தெரியாமல் புதுசைக் காய்ச்சிப் பழசைத் திரியவிடுவோம். மிச்சப் பாலை அன்று இரவே உறை ஊற்றிவிடுங்கள். பாலை ஃபிரிஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள், கதவுதான் அதிகம் சூடேறும் இடம். முந்தின நாள் பால் சட்டியைச் சரியாகக் கழுவாமல் காய்ச்சினாலும் திரியும்.

தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. இதற்கு வழிமுறை எழுத ஒன்றுமில்லை.

அறிகுறி 6: அரிசியில், ரவையில் வண்டு

வாங்கி வந்ததிலேயே இருந்ததா, வீட்டில் வந்ததா என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்றிரண்டு வண்டு என்றால் முறத்தில் போட்டுப் புடைத்து, பரப்பிக் காயவைத்து, சலித்து எடுங்கள். டப்பாவை நன்றாகக் காயவைத்த பிறகே திரும்பக் கொட்டுங்கள், ஈரம்தான் அழைக்கிறது. காய்ந்த மிளகாய், வேப்பிலை போட்டு வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ரவையை வாங்கின அன்றே லேசாக வறுத்து ஆறவைத்துப் போட்டால் மாசக்கணக்கில் இருக்கும். கோதுமை மாவைப் பாக்கெட்டோடு நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு எடுக்கலாம். மாவு நூலாம்படை மாதிரி கட்டி, வாசமும் மாறியிருந்தால் சலிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

வருடத்துக்கு மூன்று தடவை வருகிறதென்றால் காரணம் வண்டு இல்லை, நீங்கள் மூன்று மாசத்துக்கு வேண்டியதை வாங்குகிறீர்கள். அறிகுறி 3ஐப் பாருங்கள்.

அறிகுறி 7: அடுப்பு திடீரென்று சிறுத்து எரிகிறது

உடனே காஸ் தீர்ந்தது என்று முடிவுக்கு வராதீர்கள். பர்னரில் பால் பொங்கி ஓட்டை அடைத்திருக்கிறதா, ஊசியால் குத்திப் பாருங்கள். ரெகுலேட்டர் குமிழ் முழுசாகத் திரும்பியிருக்கிறதா, டியூப் மடிந்திருக்கிறதா. இவை இல்லை என்றால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். மேலே சீக்கிரம் காயும், திரவம் இருக்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் நிற்கும். ஈரக்கோடு அடியில் இருந்தால் இன்றே பதிவு செய்யுங்கள்.

மாற்றின தேதியைச் சாக்பீஸால் சிலிண்டர் மேலேயே எழுதி வைப்பதுதான் என் வழக்கம். 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு ஐம்பத்தைந்து நாள் வருகிறது, நாற்பத்தைந்தாம் நாளில் பதிவு. ஒற்றைச் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் முன்னால். கொண்டுவரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், காலி எடை கைப்பிடிப் பக்கத்தில் எழுதியிருக்கும். அங்கேயே பி-28 மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும்: ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், எண் வருடம். அது தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். டியூபிலும் வருடம் அச்சிட்டிருக்கும், பழசானால் மாற்றிவிடுங்கள்.

வாடை வந்தால் இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள், லைட் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 8: மாத்திரை போட்டேனா, போடவில்லையா

கிழமை தொலைவதில் ஆபத்தானது இது. ஏழு அறை இருக்கிற மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும், சனி இரவு மாவு அரைத்த கையோடு (கழுவிவிட்டுத்தான்) அடுத்த வாரத்துக்கு நிரப்புங்கள். டப்பா வாங்கும் வரை அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் கிழமையை எழுதிக்கொள்ளலாம். போட்டோமா என்று தெரியாவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று போடாதீர்கள், முக்கியமாகச் சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும். எழுதிக் கொடுத்த டாக்டரை அல்லது மருந்தாளுநரைக் கேளுங்கள்.

அறிகுறி 9: கிழமை மட்டுமல்ல, வேறு ஏதோ சரியில்லை

கிழமையை மறந்து, சற்று யோசித்ததும் நினைவுக்கு வந்துவிட்டால் அது பழுதே இல்லை. கிழமையோடு சேர்த்துத் தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதென்றால் காலண்டரைக் கிழிப்பதால் தீராது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை, இரவும் பேசலாம். தமிழ்நாட்டில் 104லும் கேட்கலாம். பெரியவர்களுக்கு மாதம், வருடம், இருக்கிற இடம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பினால் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால் நேரம் வாங்கிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ உடனே 108.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலையில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து "ஞாயித்துக்கிழமையும் இதுவாடா" என்றார். காலண்டரைக் காட்டினேன். அவர் கிழிக்கவில்லை, முந்தின நாள் தாளே இருந்தது. என் இத்தனை வருடக் காலண்டர் அவர்தான், அவரே தப்பாகச் சொன்னதும் வயிற்றைப் பிசைந்தது. ஆட்டோ பிடித்துப் போனோம். ரத்தத்தில் சோடியம் 121, 135க்குக் குறையக் கூடாதாம். ரத்த அழுத்தத்துக்கு அவர் போட்டுக்கொண்டிருந்த, சிறுநீரை அதிகமாக்குகிற வகை மாத்திரையும், உப்பைக் குறைக்கிறேன் என்று அவராகவே அறவே நிறுத்தியதும் சேர்ந்து வந்த வினை. சேர்த்துக்கொண்டு மெதுவாக ஏற்றினார்கள், மாத்திரையை மாற்றினார்கள். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றுவது அவர்கள் வேலை.) சனிக்கிழமை சாயங்காலமே "இன்னிக்கு மாவு அரைக்கலையா" என்று கேட்டுவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் நான்கு தாளையும் ஒன்றாகக் கிழித்தார். நான் வாசல் பையைப் பார்த்தேன், காலி. பால்காரத் தம்பிக்கு நிறுத்தச் சொல்ல மறந்திருந்தேன், மூன்று நாள் பால் ஆறு பாக்கெட். எதிர்வீட்டு அக்கா எல்லாவற்றையும் எடுத்துக் காய்ச்சி உறை ஊற்றி ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரம் முழுக்க மோர்க்குழம்பு.